சம்பந்தி தோற்ற தேர்தல்

என் மகளின் மாமனார் ஜப்பானில் பெரிய போலீஸ் அதிகாரியாக இருந்தவர். நான்கு மாகாணங்களில் வேலை பார்த்து, கடைசியில் ஒரு மாகாணத்துக்கே காவல்துறைத் தலைவராகி ஓய்வு பெற்றார். பிறகு ஒரு கட்சி கூப்பிட்டது. நாடாளுமன்ற மேலவைக்கு நின்று ஜெயித்தார். ஆறு வருஷம் முடிந்து இந்த ஜூலையில் மறுபடி நின்றார்.

பிரச்சார வீடியோக்களை மருமகன், நாங்கள் குடியேறியிருக்கும் இந்த மூன்றாவது நாட்டில், ரானுயி புறநகரில் உள்ள எங்கள் வீட்டு டிவியில் போடுவார். சம்பந்தி வேன் மேல் நின்று, வெள்ளைக் கையுறையோடு கையாட்டுவார்.

"போலீஸ்ல போட்ட பழக்கமா?" என்று மகளிடம் கேட்டேன்.

"இல்லப்பா, அங்க ஓட்டு கேக்கிறவங்க எல்லாரும் போடுவாங்க."

எனக்கு வேறு கவலை. அவருக்கு ஒரே பிள்ளை. ஜெயித்தால், தனக்குப் பிறகு அந்த இடத்துக்கு வரப் பிள்ளையை இப்போதே கூப்பிட்டுக்கொள்வார் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். மருமகன் போனால் மகளும் பேத்தியும் போவார்கள். வீட்டில் நாங்கள் நான்கு பேர். மூன்று பேரைக் கழித்தால் நான்.

வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் சனிக்கிழமை. மகள் என்னையும் கோயிலுக்குக் கூட்டிப்போய், மாமனார் பேரில் அர்ச்சனைச் சீட்டு வாங்கினாள்.

"நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

"தெரியாதுங்க."

"ராசியாவது?"

"ஜப்பான்காரர், சாமி."

"சரி, ஜப்பானும் சாமிக்குத் தெரிஞ்ச ஊர்தானே," என்று அவர் மந்திரத்தைத் தொடங்கினார். மகள் பக்கத்தில் கைகூப்பி நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, சம்பந்தி தோற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

தோற்றார். திங்கட்கிழமை காலை மருமகன் வேலைக்குப் போகவில்லை; அறைக்குள் ஜப்பானிய மொழியில் போனில் பேசிக்கொண்டிருந்தார். வருத்தமான முகத்தோடு நான் ஆறு இட்லி சாப்பிட்டேன். வழக்கம் நான்கு.

மகள் எதிரே உட்கார்ந்தாள்.

"ஜெயிச்சிருந்தா கவர்மென்ட் சம்பளத்துல மூணு செக்ரட்டரி கூட இருந்திருப்பாங்க. இப்ப மாமா தனி ஆள். அத்தையும் படுக்கையில. நாங்க போய்த்தான் பாத்துக்கணும்பா."

"ஜெயிச்சிருந்தா?"

"போகவே வேண்டாமே. பின்ன எதுக்கு அர்ச்சனை பண்ணச் சொன்னேன்!"

நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"நானும் வரவா?"

"அங்க உங்களுக்கு மூணு மாசம்தான் விசா கிடைக்கும். ஸ்கூல் டெர்ம் முடிஞ்சதும் கிளம்பறோம். அதுக்குள்ள சிட்டிக்கு அந்தப் பக்கம், பாபடோயிட்டோய்ல உங்களுக்கு ஒரு ரூம் பாத்துடறேன். நம்ம ஊர்க் கடைங்கல்லாம் கிட்டயே இருக்கு."

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமும் என்னைக் காரில்தான் கூட்டிப்போயிருக்கிறாள்.