தண்ணீர் குடித்த தூசி மிஷின்

பெரம்பலூரில் துறையூர் சாலை ஆரம்பிக்கும் இடத்தில் அரியமுத்துவின் கடை இருந்தது. கிணற்று மோட்டார் புகைந்துபோனால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அதை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கேதான் வருவார்கள். கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் பூசி, உலரவைத்துக் கொடுப்பார். அவர் கம்பி சுற்றிய மோட்டார் இரண்டு கோடைக்குத் தாங்கும் என்பது ஊரில் பேச்சு.

ஊர் அவரைப் பார்த்துச் சிரித்ததற்குக் காரணம் வேறு. 1974இல் திருச்சியில் கம்பி வாங்கப் போனவர், பழைய சாமான் கடையில் தூசி உறிஞ்சும் மிஷின் ஒன்றைக் கண்டு, கம்பிக்கு வைத்திருந்த பணத்தில் பாதியை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தார். ஒரு மாதம் அதோடு மல்லாடினார். ஓடியது. அதன் பிறகு எங்கே அப்படி ஒன்று கிடந்தாலும் விடுவதில்லை. உருளை வடிவில் சறுக்குக் கட்டை மேல் படுத்திருப்பவை, பானை போல உட்கார்ந்திருப்பவை, கைப்பிடியில் பை தொங்க நிமிர்ந்து நிற்பவை என்று வீட்டின் உள்ளறை நிறைந்தது. தரையோ சாணி மெழுகிய தரை. உறிஞ்சுவதற்கு ஒரு கம்பளம்கூட அந்த வீட்டில் கிடையாது.

எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருந்த செல்லமுத்து, “யானை கட்டுற எடத்துல தும்பிக்கைய மட்டும் கட்டி வச்சிருக்கியே மச்சான்” என்பார். கிணற்று மோட்டார் எருமை மாதிரி நின்று நிதானமாகச் சுற்றும். இந்தச் சின்ன மோட்டார்களோ அதைவிடப் பல மடங்கு வேகத்தில் சுற்றியும் சூடு தாங்கின. அவ்வளவு மெல்லிய கம்பியை அத்தனை நெருக்கமாக யாரோ சுற்றியிருந்தார்கள். அதைப் பிரித்துப் பார்த்த அரியமுத்துவின் கை வேறு எதிலும் நிறைவடையவில்லை. இதை விளக்கிச் சொல்ல அவருக்கு வரவில்லை. சொல்லவும் அவர் முயன்றதில்லை.

மனைவி செங்கமலம் முதலில் சண்டை பிடித்தாள். பிறகு பழகிவிட்டது. சேர்ந்ததில் மிகவும் நசுங்கிப்போன ஒன்றைச் செல்லமுத்து கேட்டு வாங்கிப் போனார். காற்று வெளியேறும் துளையில் குழாயை மாட்டினால் அந்த மிஷின் உறிஞ்சுவதற்குப் பதில் ஊதும். டீக்கடைக் கரியடுப்பை ஊதுவதற்கு அது உதவியது. அதன் மேல் பால் கறை ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம் அரியமுத்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

1983இல் அரியலூர்ப் பக்கத்து சிமென்ட் ஆலை ஒன்றிலிருந்து ஆள் வந்தது. விருந்தினர் விடுதியைக் கவனித்துக்கொண்டிருந்த அமிர்தலிங்கம் என்பவர் அனுப்பியிருந்தார். சூளை நிறுவ வந்த வெளிநாட்டு என்ஜினீயர் விட்டுப்போன மிஷின் ஒன்று அங்கே பரணில் கிடந்தது. உருளை முழுவதும் தவிட்டு நிறத் துணி ஒட்டி, விளிம்புகளில் நிக்கல் பூசி, அரியமுத்து அதுவரை பார்த்த எல்லாவற்றையும்விட மூத்தது. விஜயதசமி அன்று புதுப் பிரிவு ஒன்றைத் திறந்துவைக்கத் தலைமை அலுவலகத்தார் வருகிறார்கள். கூடத்துக் கம்பளத்தில் வருடக்கணக்கான சிமென்ட் தூசி. துடைப்பம் போட்டால் எழும்பி அங்கேயே படிந்தது. மிஷினை எடுத்துப் போய்ச் சரிசெய்து, அன்று காலை கொண்டுவந்து கம்பளத்தைச் சுத்தம் செய்து கொடுத்தால் கூலிக்குப் பதிலாக மிஷினையே எடுத்துக்கொள்ளலாம், ஓடாவிட்டால் மறுநாள் கழிவு இரும்பு லாரியில் போய்விடும் என்று அமிர்தலிங்கம் சொன்னார்.

அரியமுத்து மிஷினை வீட்டுக்கு எடுத்து வந்து, மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்தார். தேய்ந்துபோன கார்பன் துண்டுகளுக்குப் பதிலாகக் கார் டைனமோவின் கார்பனை அரத்தில் ராவிப் பொருத்தினார். மட்கிய பைக்குச் செங்கமலம் காடாத் துணியில் புதுப் பை தைத்தாள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அது சீராக ஓடியது. அன்றைக்கு அவர் சந்தோஷத்தில் இரண்டு தடவை சாப்பிட்டதாகச் செங்கமலம் பிறகு சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூஜையன்று காலை செட்டிகுளத்திலிருந்து ஒரு வெங்காய விவசாயி கடை வாசலில் வந்து நின்றார். மோட்டார் நின்று வயல் காய்கிறது, பூஜைக்குப் பின் என்றால் பயிர் போய்விடும் என்றார். அரியமுத்து போய், அங்கே கிடைத்த ஆயுதங்களை வைத்தே முடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது விளக்கு வைக்கிற நேரம்.

வீட்டு முற்றத்தில் அவருடைய மிஷின்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று கோடு விபூதி, சந்தனப் பொட்டு, குங்குமம். தரை ஈரமாக இருந்தது. மருமகள் மலர்க்கொடி புடவையை இழுத்துச் செருகியபடி நின்றிருந்தாள். ஆவணியில் கல்யாணமாகி வந்தவள். இந்த வீட்டில் அவளுக்கு இது முதல் ஆயுத பூஜை. அவள் பிறந்த வீட்டில் லாரி இருந்தது.

“எல்லாத்தையும் சீயக்கா போட்டுக் கழுவிட்டேன் மாமா. ஒரு அழுக்கு இல்ல” என்றாள்.

அரியமுத்து நிக்கல் விளிம்பு வைத்த மிஷினைத் தூக்கினார். உள்ளேயிருந்து தண்ணீர் வழிந்தது.

“எங்க வூட்ல லாரியவே என்ஜினோட கழுவித்தான் பொட்டு வைப்போம்” என்று மலர்க்கொடி குரல் தாழ்ந்து சொன்னாள். மாமனாரின் முகம் அவளுக்கு ஏதோ சொல்லிவிட்டது.

மின்சாரம் போகிற கம்பியில் தண்ணீர் இறங்கினால் அது மிஷினின் உடம்புக்கும் பாயும். தொட்டால் இழுக்கும், ஓட்டினால் கருகும். உடனே பிரித்து உலர்த்த வேண்டும். ஸ்குரூ டிரைவரும் குறடும் எங்கே என்று கேட்டார். சாமி படத்துக்கு முன்னால், பொட்டும் பூவுமாகப் படையலில் இருந்தன. படைத்த ஆயுதத்தை மறுநாள் காலை பூஜை முடித்து எடுக்கும்வரை யாரும் வேலைக்குத் தொடக் கூடாது. போன வருஷம் படையலிலிருந்து ஸ்பானர் எடுத்ததற்காகப் பக்கத்துக் கடைக்காரரைப் பத்துப் பேர் நடுவில் கடிந்துகொண்டவர் அரியமுத்து.

செங்கமலம் வாசற்படியில் நின்றபடி, “ஊருக்குச் சொல்றது ஒனக்கும் உண்டுல்ல” என்றாள். சற்றுக் கழித்து, மலர்க்கொடி அழத் தொடங்குவதைப் பார்த்து, “படையல்ல இல்லாத மிஷின் ஒண்ணு இருக்கே, டீக்கடையில” என்றாள்.

அரியமுத்து சாலையைக் கடந்தார். செல்லமுத்து கடையைச் சாத்தவில்லை. பால் திரிந்துவிடும் என்பதால் அவர் எந்தப் பண்டிகைக்கும் சாத்துவதில்லை. ஊதுகிற மிஷினுக்குப் பொட்டு வைத்தாயா என்று அரியமுத்து கேட்டார். “அடுப்புக்கு வச்சேன். அது ஒன் ஆயுதம், நான் எதுக்கு வைக்கணும்?” என்றார் செல்லமுத்து.

அந்த மிஷினை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்து, சூடான காற்றை இழுக்கும்படி திருப்பி, அதன் குழாயை வீட்டிலிருந்து தூக்கி வந்த நிக்கல் விளிம்பு மிஷினின் வாயில் செருகினார்கள். பால் கறை படிந்த நசுங்கல் மிஷின் ராத்திரி முழுவதும் ஊளையிட்டது. செல்லமுத்து திட்டிக்கொண்டே கரி போட்டார்.

விஜயதசமி காலையில் படையலைக் கலைத்ததும் அரியமுத்து சோதனை பல்பை எடுத்தார். மிஷினின் உடம்பில் கம்பியை வைத்தால் பல்பு எரியக் கூடாது. பல்பின் இழை மட்டும் மங்கலாகச் சிவந்தது. முழுதாக உலரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு மரப்பலகையையும் பழைய சைக்கிள் டியூபையும் பையில் எடுத்துக்கொண்டு மிஷினோடு கிளம்பினார்.

விடுதிக் கூடத்தில் பலகை மேல் நின்று, கையில் டியூபைச் சுற்றிக்கொண்டு ஓட்டினார். பலகையைத் தள்ளித் தள்ளி வைத்துக் கம்பளம் முழுவதும் போனார். உதவிக்கு வந்த வேலையாளைக் கிட்டவே விடவில்லை. சாம்பல் நிறக் கம்பளம் என்று எல்லோரும் நினைத்திருந்தது சிவப்பாக வெளிப்பட்டது. நடுவில் பச்சைக் கொடி ஓடியது. மிஷின் நிற்கவில்லை, புகையவும் இல்லை.

அமிர்தலிங்கம் கம்பளத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பிறகு, இவ்வளவு நன்றாக ஓடும் என்று நினைக்கவில்லை, ஆபீசில் கேட்டால் தான்தான் பதில் சொல்ல வேண்டும், மிஷின் இங்கேயே இருக்கட்டும், கூலியைப் பணமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

அரியமுத்து இன்னும் மிஷினைக் கரண்ட்டிலிருந்து கழற்றவில்லை. பலகை மேல் நின்றபடியே, “வச்சுக்குங்க சார். ஆனா நல்லா காயுற வரைக்கும் யாரும் ஓட்டக் கூடாது. பாடில கரண்ட் இருக்கு” என்றார்.

“மிஷின் கெடைக்கலேன்னதும் அதுல கரண்ட் வந்துருச்சா?”

“காலைல டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டுத்தான் பலகையே கொண்டாந்தேங்க. நான் எறங்குறேன், தொடாதீங்க.”

அதற்குள் அமிர்தலிங்கம் சிரித்துக்கொண்டே புறங்கையை நிக்கல் விளிம்பில் வைத்துவிட்டார். கை தானாகத் துள்ளி எழுந்தது. கையை உதறிக்கொண்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். அடியொன்றும் இல்லை, எறும்பு கடித்த மாதிரிதான். ஆனால் தலைமை அலுவலகத்தார் வருகிற நேரம்.

“எடுத்துட்டுப் போய்யா அத. மொதல்ல எடு” என்றார்.

பெரம்பலூர் பஸ்ஸில் அரியமுத்து மிஷினை மடியிலேயே வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து பிரித்து, தகரப் பெட்டிக்குள் பல்பு போட்டு உலர்த்தி, வார்னிஷ் பூசினார். மற்றவற்றையும் ஒன்றொன்றாக அப்படியே செய்தார். தை மாதம் வரை இழுத்தது. இரண்டு பிழைக்கவில்லை. நிக்கல் விளிம்பு மிஷினில் சந்தனம் தவிட்டுத் துணிக்குள் இறங்கிக் கறையாகிவிட்டது. அதை எடுக்க அவர் முயலவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு மலர்க்கொடி, தோளில் பிள்ளையோடு, உலர்ந்த துணி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளறை வாசலில் நின்றாள்.

“கழுவட்டுமா மாமா?” என்றாள்.

அரியமுத்து அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தன் குறட்டையும் ஸ்குரூ டிரைவர்களையும் எண்ணெய் போட்டுத் துடைத்துப் படையலில் வைத்தார். ஒரு ஸ்குரூ டிரைவரை மட்டும் பொட்டு வைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.