ஆர் இந்தக் கோஜோ?

டென்மார்க்கில் தமிழர் நடத்தும் எந்த உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிக்குப் போனாலும் மைக்கில் ஒரே குரல்தான் கேட்கும். அது பாலேந்திராவின் குரல். பந்து கோலுக்குள் போனதா இல்லையா என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். அடித்தவன் யாருடைய பிள்ளை என்பதுதான் முதல். "நிதுஷன் அடிச்சிருக்கிறார்! ஆர் இந்த நிதுஷன்? எங்கட சபாரத்தினம் அண்ணையின்ர பேரன், தனுசியாவின்ர மூத்தவர்!" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மற்றப் பக்கம் இன்னொரு கோல் விழுந்துவிடும். சனம் சிரிக்கும். ஆனாலும் தன் பிள்ளைக்கு அப்படி ஓர் அறிமுகம் கிடைக்காதா என்று ஒவ்வொரு தாயும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நிற்பாள்.

பிரியந்தி அந்தக் குரலை முப்பது வருடமாகத் தூர நின்றே கேட்டு வந்தவள். பாலேந்திரா அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

எண்பதுகளின் கடைசியில் இரண்டு பேரும் அகதிகளாக ஒடென்சேக்கு வந்து சேர்ந்தார்கள். அவளுக்குப் பூக்கன்று வளர்க்கும் கண்ணாடிக் கூடாரத்தில் வேலை கிடைத்தது. அண்ணனுக்கு வேலைக்கு முன்னமே பந்து கிடைத்துவிட்டது. பக்கத்துச் சிறு நகரத்துக் கழகம் ஒன்றின் இரண்டாம் அணியில் சேர்ந்தார். அதே கழகத்தின் முதல் அணியில் கோஜோ விளையாடினான். கானாவிலிருந்து வந்தவன். பகலில் இரும்புத் தொழிற்சாலை, பின்னேரம் மைதானம். அந்தக் கழகத்தின் சட்டையைப் போட்ட முதல் கறுப்பன் அவன்தான்.

அவனைத் தங்கள் அறைக்கு முதலில் கூட்டிக்கொண்டு வந்ததும் அண்ணன்தான். பிரியந்தி வைத்த மீன்குழம்பைக் கோஜோ தண்ணீர்கூடக் கேட்காமல் சாப்பிட்டு, சட்டியை எட்டிப் பார்த்தான். டெனிஷ்காரர் கண்ணீர் விடும் குழம்பு அது. "இவன் எங்கட ஆள்" என்று அண்ணன் அவன் முதுகில் தட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் ஒரே கத்தோலிக்கக் கோவிலில் ஒரே மரவாங்கில் இருந்து பூசை கண்டார்கள்.

வெளியூர் ஆட்டங்களில் கோஜோவின் காலுக்குப் பந்து வந்தால் போதும், பார்வையாளர் பக்கத்திலிருந்து குரங்குச் சத்தம் எழும்பும். அவன் திரும்பியும் பார்க்கமாட்டான். ஒருநாள் யாரோ வாழைப்பழத் தோலை எறிந்தார்கள். கோஜோ அதைப் பொறுக்கிக் கோட்டுக்கு வெளியே போட்டுவிட்டு ஓடினான். பொறுக்க முடியாமல் கம்பிவேலிக்கு மேலால் பாய்ந்தது பாலேந்திராதான். சுத்தத் தமிழில் அவர் திட்டிய திட்டு அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. விழுந்த அடி விளங்கியது. அதற்காகக் கழகம் அவரைச் சில ஆட்டங்களுக்கு வெளியே இருத்தியது. அவருக்கு அதில் பெருமைதான். கோட்டோரம் நின்று "கோஜோ! கோஜோ!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அந்தப் பெயரை அவ்வளவு தரம் சொன்ன வாய் வேறொன்று இருந்திருக்காது.

கோஜோவும் தானும் கலியாணம் செய்யப்போவதாகப் பிரியந்தி சொன்ன அன்றோடு அந்த வாய் மூடிக்கொண்டது.

"விளையாட்டு வேறை, வீட்டுச் சம்பந்தம் வேறை," என்றார் அண்ணன். "ஊரிலை அம்மா ஆக்களுக்கு என்னெண்டு முகம் குடுக்கிறது?"

"அண்ணை, நீங்கள்தானே எங்கட ஆள் எண்டு சொன்னனீங்கள்?"

அவர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சமயம் ஒன்று, சாப்பாடு ஒன்று, கழகமும் ஒன்று. இடித்தது தோல் மட்டும்தான். அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் துணிவு இருக்கவில்லை, அதைப் பெரிதாக எடுக்காமல் விடவும் மனம் இருக்கவில்லை. நகரசபையில் நடந்த திருமணப் பதிவுக்கு அவர் வரவில்லை. பிறகு பிறந்த அன்னாவையும் பார்க்க வரவில்லை.

பிரியந்தி ஒன்றும் இடிந்துபோய்க் கிடக்கவில்லை. மொழி படித்தாள், முதியோர் இல்லத்தில் வேலை எடுத்தாள், பிள்ளையை வளர்த்தாள். கோஜோவுக்கு முழங்கால் போனபின் அவன் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தான். நல்ல சீவியம்தான். ஆனால் நத்தார்ப் பண்டிகைக்கு மேசையில் அவன் எப்போதும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை கூடுதலாக வைப்பான். "பாலா வந்தாலும் வருவான்," என்பான். அவள் ஏசுவாள். அடுத்த வருடமும் வைப்பான்.

நான்கு வருடத்துக்கு முன் புற்றுநோய் அவனைக் கொண்டுபோனது. பிரியந்தி எங்கள் வழக்கப்படி இணையத்தில் மரண அறிவித்தல் கொடுத்தாள். பிரியந்தியின் அன்புக் கணவரும், அன்னாவின் பாசமிகு தந்தையும், பாலேந்திராவின் அன்பு மைத்துனரும் ஆவார் என்று போட்டாள். அன்று பின்னேரமே அந்தத் தளத்தை நடத்தும் பெடியன் தொலைபேசியில் வந்தான்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. அண்ணை தன்ர பேரை எடுக்கச் சொல்லுறார்."

கணவன் செத்ததற்கு அழுததைவிட அன்று அதற்குத்தான் அவள் கூட அழுதாள். செத்த மனிதனிடமும் ஓர் உறவைப் பறிப்பார்களா?

இந்த ஆவணியில் ஒடென்சே ஆபிரிக்கச் சங்கமும் தமிழ் விளையாட்டுக் கழகமும் சேர்ந்து ஒரு மரபு நாள் வைத்தார்கள். இந்த நாட்டுச் சிறு கழகங்களில் முதன்முதல் விளையாடிய கறுப்பு வீரர்களின் படங்களும் பழைய சட்டைகளும் மண்டபத்தில், வெளியே மைதானத்தில் சுற்றுப்போட்டி. வெல்லும் அணிக்குக் கோஜோ நினைவுக் கிண்ணம். ஒழுங்குபடுத்தியவர்களில் முன்னுக்கு நின்றவள் அன்னா. அறிவிப்பாளராகப் பாலேந்திராவைக் கேட்டதும் அவள்தான். அவர் உடனே ஓம் என்றுவிட்டார்.

"அவர் சொல்லுவார், அம்மா," என்றாள் அன்னா டெனிஷில். "எல்லாருக்கும் சொல்லுகிறவர் அப்பாவுக்குச் சொல்லாமல் விடுவாரா?"

பிரியந்தி வெளியே சிரித்தாள். உள்ளுக்குள் ஆசை பிடித்துக்கொண்டது. ஒரு சொல் போதும். இவன் என் தங்கச்சியின் மனுசன் என்று ஊரறிய ஒரு சொல். அதற்காகவே கிளிப்பச்சைச் சேலை ஒன்று எடுத்து உடுத்திக்கொண்டு போனாள்.

மைதானம் நிறைந்த சனம். ஒரு பக்கம் மட்டன் றோல், மறுபக்கம் கானாக்காரரின் சிவப்புச் சோறு. இறுதியாட்டத்துக்கு முன் பாலேந்திரா மைக்கைப் பிடித்தார். குறை சொல்லக்கூடாது, மனிதர் அருமையாகப் பேசினார். குரங்குச் சத்தத்தைச் சொன்னார். வாழைப்பழத் தோலைச் சொன்னார். வேலி பாய்ந்தவர் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. "இண்டைக்கு எங்கட பிள்ளையள் இந்த நாட்டிலை நிமிந்து விளையாடுகினமெண்டா, பாதை வெட்டினது கோஜோ!" என்றபோது சனம் எழும்பிக் கைதட்டியது. முப்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரைப் பிரியந்தி அண்ணனின் வாயால் கேட்டாள்.

பிறகு, பழக்கதோஷம், கேள்வி தானாக அவர் வாயில் வந்துவிட்டது.

"ஆர் இந்தக் கோஜோ?"

மைக்கில் அவருடைய மூச்சுக் கேட்டது. பிரியந்தி அன்னாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். தமிழ்ச் சனத்தில் வயது போனவர்களுக்கு விடை தெரியும். அவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

"கோஜோ... கானாவிலையிருந்து வந்த பெரிய வீரர். எங்கள் எல்லாருக்கும் நல்ல நண்பர்," என்றார் பாலேந்திரா. "அமரரின்ர துணைவியார் திருமதி பிரியந்தி அவர்களை மெழுகுதிரி ஏற்ற அன்போடை அழைக்கிறம்."

திருமதி பிரியந்தி அவர்கள் போய் ஏற்றினாள். யாரோ ஒரு பிரமுகருக்குக் கொடுப்பதைப்போல அண்ணன் கை கொடுத்தார். அந்தக் கை குளிர்ந்து கிடந்தது. அவள் யாரையும் பார்க்காமல் நடந்து தேத்தண்ணிக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் அவரும் அங்கே வந்தார். கையில் மைக் இருந்தது, நிறுத்தியிருந்தார்.

"நான் பிழையா ஒண்டும் கதைக்கேல்லைத்தானே?"

"இல்லை அண்ணை. நல்லாக் கதைச்சனீங்கள். ஆரோ பிறத்தி ஆளைப் பற்றிக் கதைச்ச மாதிரி."

"பிரியந்தி, அவன் கறுப்பன் எண்டு இப்ப எனக்கு ஒண்டுமில்லை. சத்தியமா இல்லை. என்ர மருமகளே வெள்ளைப் பிள்ளை." "வாய் வரைக்கும் வந்தது. ஆனா இப்ப நான் மச்சான் எண்டு சொன்னா, அப்ப ஏன் செத்த வீட்டுக்கும் போகேல்லை எண்டு சனம் கேக்கும். அதுக்கு நான் என்ன சொல்லுறது?"

இத்தனை வருடமும் அண்ணனுக்குக் கோஜோவில் வெறுப்பு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அந்த வெறுப்போடு வாழப் பழகியும் இருந்தாள். வெறுப்பு எப்போதோ போய்விட்டது, தன் முகத்தைக் காப்பாற்றத்தான் அவனை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறார் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"ஆஸ்பத்திரியிலை கடைசிக் கிழமை அவர் கதவைப் பாத்தபடியே கிடந்தவர்," என்றாள். "நேர்ஸ் வந்தாலும் பாலாவோ எண்டுதான் கேப்பார். இல்லை எண்டு சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு. பிறகு, பாலா வெளியிலை நிக்கிறார், உள்ளுக்கு விடுறாங்கள் இல்லை எண்டு நான் பொய் சொன்னனான். அதைக் கேட்டுச் சந்தோசமா நித்திரை கொண்டவர்."

பாலேந்திரா மைக்கைப் புல்லில் வைத்தார்.

"ஏன் வரேல்லை எண்டு கேக்கிறதுக்கு உரிமை உள்ள ஆள் ஒராள்தான், அண்ணை. அவர் ஒருநாளும் கேக்கேல்லை."

மைதானத்தில் நடுவர் விசில் ஊதினார். பாலேந்திரா அண்ணை எங்கே என்று யாரோ கூப்பிட்டார்கள். அவர் புல்லில் குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டார். அவருடைய தலையில் கையை வைக்க வேண்டும்போல பிரியந்திக்கு இருந்தது. வைக்க முடியவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்ணம் இருந்த மேசைக்கு, அன்னாவிடம் நடந்தாள். இறுதியாட்டம் அறிவிப்பாளர் இல்லாமலே தொடங்கியது.