நிற்காத சிவப்பு

அறுவை சிகிச்சைக்கு நான் அவ்வளவாக அஞ்சவில்லை. அதன்பின் ஏற்றிக்கொள்ளச் சொன்ன கீமோதெரபிக்குத்தான் அஞ்சினேன். கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்து அந்த அச்சத்தை நானே வளர்த்தும் வைத்திருந்தேன். முதல் நாள் செவிலியர் கொண்டுவந்த மருந்து இரத்தச் சிவப்பாக இருந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

"வேண்டாமுங்க, ஊட்டுக்குப் போயிரலாம்" என்றேன் கணவரிடம்.

திருப்பூரில் சாயப்பட்டறை நடத்திவந்த அவர் மருந்தை உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க சிஸ்டர், இந்தச் சாயம் நிக்குமுங்களா, போயிருமுங்களா?"

செவிலியர் சிரித்துவிட்டார். "தண்ணி நெறையக் குடிச்சாப் போயிருமுங்க. ரெண்டு நாளைக்கு ஒண்ணுக்குச் செவப்பாப் போகும், பயந்துக்காதீங்க."

"அப்ப இது உங்க பட்டறைச் சாயந்தானுங்க" என்றேன், என்னையறியாமல். ஒரே அலசலில் நிறம் விடுகிறதென்று, அவர் சாயமேற்றிய சிவப்புத் துணியைப் பனியன் கம்பெனிக்காரர்கள் அந்த மாதம்தான் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"எகத்தாளத்துக்கு ஒண்ணும் கொறச்சலில்ல" என்றார். நெடுநாளைக்குப் பிறகு அவர் முகம் தெளிந்திருந்தது.

சாயம் போவது எங்கள் ஊரில் மானம் போவதற்குச் சமம். அன்று எனக்கோ, வந்த வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகிற சாயம்தான் வேண்டியிருந்தது. கையை நீட்டினேன்.

வாந்தி வந்தது, பின்னர் முடியும் உதிர்ந்தது. ஆனால் இரண்டாம் நாள் காலை, குளியலறையிலிருந்தே குரல் கொடுத்தேன்:

"வெளுத்துருச்சுங்க."

"நம்ம சரக்கேதான்" என்றார், கதவுக்கு வெளியே காத்து நின்றவர். "அடுத்த தடவைக்கும் இதையே ஏத்தச் சொல்லீரலாமா?"

"சொல்லுங்க" என்றேன்.