மேலேயிருந்து இறங்கிய மூட்டம்

மூன்று வருஷத்துக்கு முன்னால், நோட்டன் பிரிட்ஜ் பக்கம் நான் வேலை பார்க்கும் தோட்டத்தில் நடந்தது. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்கு நான்தான் பொறுப்பு. அன்றைக்கு நான்கு பிள்ளைகள் இருந்தார்கள்.

காலை பத்து மணியிருக்கும். வெளியே வெள்ளையாக மூடிக்கொண்டு வந்தது. மலையில் பிறந்தவளுக்கு மூட்டம் புதிதா என்ன? பிள்ளைகளுக்குச் சளி பிடிக்குமே என்று வழக்கம்போல ஜன்னல்களைச் சாத்தினேன். எங்கள் மூட்டம் பள்ளத்திலிருந்துதான் ஏறி வரும். இதுவோ மேலே ரோட்டிலிருந்து, தேயிலைக்கு நடுவே தரையோடு தரையாக இறங்கியது. குளிரவும் இல்லை. பார்த்தேன், ஆனால் என் மண்டையில் ஏறவில்லை.

அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஓர் ஆள் வந்தான். முகத்தில் ஈரத்துணி, கண்கள் ரத்தச் சிவப்பு. கதவைத் தட்டி, எனக்குப் புரியாத சிங்களத்தில் ஏதோ கத்தினான். பிள்ளை பிடிக்கிறவன் என்று நினைத்துத் தாழ்ப்பாள் போட்டேன்.

"போயிருங்க, கங்காணியக் கூப்புடுவேன்" என்றேன். அவன் போகவில்லை. தட்டிக்கொண்டே இருந்தான்.

தொட்டிலில் கிடந்த பிள்ளை இருமியது. பிறகு ஒவ்வொன்றாக மற்றவையும். அழுகையே இல்லை, வெறும் இருமல். என் தொண்டையும் எரிந்தது. தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தேன்.

அவன் பிள்ளைத்துணிகளை வாளித் தண்ணீரில் நனைத்து எல்லார் முகத்திலும் போட்டான். இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, "உடட்ட, நங்கி, உடட்ட", மேலே தங்கச்சி மேலே, என்று எதிர்ப்பக்கத்து மேட்டைக் காட்டினான். மற்ற இரண்டோடு நானும் ஏறினேன். பால் கொடுக்க வந்துகொண்டிருந்த தாய்மாரை மேட்டிலிருந்தே கத்தி நிறுத்தினோம்.

அவர் லாரி டிரைவர். எண்ணெய் சுத்திகரிக்கும் இடங்களில் பாவிக்கும் அமிலமாம், அந்த டிரம்களோடு லாரி மேல்ரோட்டில் கவிழ்ந்து, அதிலிருந்து கிளம்பிய புகைதான் கீழே இறங்கியிருக்கிறது. ரோட்டால் தப்பி ஓடியிருக்கலாம். பிள்ளைக்காம்பராவின் கூரையைப் பார்த்துக் கீழே இறங்கி வந்திருக்கிறார். பிள்ளைகள் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார்கள். அவருக்கு ஒரு கண் சரியாகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எங்கள் ரோட்டில் என்ன ஏற்றிப் போகிறார்கள் என்று இன்றும் யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை. அந்தக் கோபம் எனக்கு உண்டு. ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது அதுவல்ல. விஷத்தை வெறும் மூட்டம் என்று வரவிட்டுவிட்டு, காப்பாற்ற வந்த மனிதரை அந்தப் புகைக்குள் நிற்கவைத்துக் கதவைத் தாழிட்டவள் நான்.