பால் டின்னில் அழுகண்ணி

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு செப்டம்பர் சீசன். என் கணவரின் தம்பி கொடைக்கானல் பஸ் நிலையத்துக்கு எதிரே பழைய பால் டின்களில் செடி விற்றான். அட்டையில் 'பூச்சி தின்னும் செடி' என்று எழுதியிருந்தான். சுற்றிலும் கூட்டம். டின்னுக்குள் அழுகண்ணி. இலையெல்லாம் பிசின் துளி மின்னும். அதில் உட்கார்ந்த கொசு எழுந்து போகாது.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் தாவரவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளங்கி கிராமத்துக்கு மேலே, நீர் கசியும் ஒரு புல்சரிவில்தான் அந்தச் செடியை அடர்த்தியாகப் பார்த்திருந்தேன். மறுநாளே போனேன். சரிவெங்கும் மண்வெட்டிக் குழிகள். மிதிபட்ட செடிகள் வேர் தெரியக் கிடந்தன.

மாலையில் வீட்டில் கொழுந்தனைப் பிடித்தேன்.

"அது டின்னுல பொழைக்காது. தெரியும்ல?"

"தெரியும் மதினி. செத்தாத்தானே அடுத்த சீசனுக்கு வந்து இன்னொண்ணு வாங்குவாங்க."

"ஏதோ ஒரு சோலி பாக்குறான், விடேன்" என்றார் கணவர்.

நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே போய் அவன் பக்கத்தில் நின்றேன். டின்னைக் கையில் எடுத்தவர்களிடமெல்லாம், "மதுரை போய்ச் சேர்றதுக்குள்ள வாடிரும், வாங்காதீங்க" என்றேன். மத்தியானத்துக்குள் கூட்டம் கலைந்தது.

"குடும்ப மானத்த வாங்கிட்டீங்க மதினி" என்று டின்களைச் சாக்கடை ஓரத்தில் கவிழ்த்துவிட்டுப் போனான். கணவர் வெகுநாள் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. கொட்டிய செடிகளைப் பொறுக்கிக்கொண்டு போய்ச் சரிவிலேயே நட்டேன். சில பிடித்துக்கொண்டன.

அடுத்த மழைக்குப் பிறகு போனால், அங்கே வாட்டில் கன்றுகள் வரிசையாக நின்றன. தோல் பதனிடப் பட்டை தரும் மரம். கசிவு நீரை வடிக்க வாய்க்கால் வேறு வெட்டியிருந்தார்கள்.

"இங்க இருந்த செடியெல்லாம் எங்க?" என்று நடவு மேஸ்திரியைக் கேட்டேன்.

"செடியா? சும்மா கெடந்த புல்லுக்காடுங்க இது. இனிமேத்தான் உபயோகம்."

பஸ் நிலையத்தில் நின்று மறித்ததுபோல் இதை யாரை மறிப்பது? மேஸ்திரிக்குக் கூலி; உத்தரவு போட்ட காட்டிலாகா அதிகாரிகள் அந்தச் சரிவைப் பார்த்ததேயில்லை. கன்றுகள் வளர வளர ஈரம் வற்றியது. நான் தேடியவரை ஒரு அழுகண்ணிகூட இல்லை.

ஒருநாள் சாப்பிடும்போது கொழுந்தன் சொன்னான்: "நான் வித்திருந்தா நாலு சனமாவது பாத்திருக்கும்."

பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். மீதிச் சோற்றை அவனே போட்டுக்கொண்டான்.