கியூபாவுக்குப் போன தப்பட்டை

பாட்டு டீச்சருக்குத் தொண்டை கட்டினால் மிளகுப் பால் இருக்கிறது, வெட்கத்துக்குத்தான் மருந்தே கிடையாது. வகுப்பெடுத்துப் பிழைக்கிற உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? குன்னூரில் பச்சைத் தேயிலை விலை படுத்துக் கிடந்த வருஷம், எட்டாம் வகுப்புக்கு ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் இசையை நடத்தினேன். ஆண்டு விழாவில் அதையே நிகழ்ச்சியாகவும் போடச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு பாட்டில் மூன்று கண்டம்

கிதார் ஸ்பெயினிலிருந்து கப்பலேறி வந்தது, குழல் லத்தீன் அமெரிக்க மண்ணின் பூர்வகுடிகளுடையது, மேளம் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்து கியூபாவின் கரும்புத் தோட்டத்தில் அடிமையாக்கப்பட்டவர்களுடையது என்று டேப் ரெக்கார்டரைப் போட்டுப் போட்டு விளக்கினேன். இதில் யாரும் மட்டமில்லை என்று முடித்தபோது எனக்கே புல்லரித்தது. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண் சுகந்தி எழுந்து ஒன்று கேட்டாள். பாடத்தில் இல்லாததைக் கேட்காதே என்று உட்கார வைத்துவிட்டேன். அவள் கேட்டது இதுதான்: "எங்க பாட்டன சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்களே, அந்த மாதிரிங்களா டீச்சர்?"

ஆள் பிரித்த லட்சணம்

சிவப்பாக இருந்த பிள்ளைகளுக்கு ஸ்பெயின் நடனம், ரோஜாப்பூவும் கொசுவப் பாவாடையும். கறுத்த பிள்ளைகள் மேளத்துக்கு. யாருக்கு என்ன வாசிக்க வரும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாடம் நடத்திய அதே வாய், அதே வாரம். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. மேள வரிசையில் நின்றபடி சுகந்தி சொன்னாள்: "எனக்கு மேளம் வரும்னு உங்களுக்கு எப்படிங்க டீச்சர் தெரியும்? நான் இன்னும் சொல்லவே இல்லீங்களே."

சமையலறைக்குப் பின்னால்

மேளம் வாங்க ஸ்கூல் கையை விரித்துவிட்டது. சுகந்தியின் அப்பா செல்லையாவுக்கு எஸ்டேட்டில் வாரம் மூன்று நாள்தான் வேலை. தன் தப்பட்டையையே கொண்டுவந்து மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். "இத்தன நாளும் சாவுக்கே அடிச்சாச்சு. மக கையில ஒரு தடவ இது மேடையேறிப் பார்க்கணும்" என்பார்.

விழாவன்று பனியில் தப்பட்டைத் தோல் தளர்ந்துபோனது. மேடையோரம் காகிதத்தைக் கொளுத்திச் சூடு காட்டினார். விருந்தினர் வருகிற நேரம். சமையலறைக்குப் பின்னால் போய்க் காய்ச்சச் சொன்னேன். புகை வருகிறது என்று சாக்குச் சொன்னேன். சாவு வீட்டுத் தப்பட்டை என்று தெரிந்துவிடுமே என்ற பயம்தான். அவர் நெருப்பை மிதித்து அணைத்துவிட்டுச் சொன்னார்: "பின்னாடி போறது பழக்கந்தானுங்க."

மைக் என் கையில்

சுகந்தி அடித்த அடியில் கூட்டம் எழுந்து நின்றது. இது எந்த நாட்டு மேளம் என்று சிறப்பு விருந்தினர் கேட்டார். சுகந்தி என் முகத்தைப் பார்த்தாள். "கியூபா, சார்" என்றேன். கைதட்டல் அடங்க நேரமானது. கடைசி வரிசையில் செல்லையா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மறுநாள் எஸ்டேட்டில் அவர் குடியிருந்த லயத்து வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். சுகந்தி வெளியே வரவேயில்லை. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. இவ்வளவுதான் சொன்னார்: "சிலோன்ல எங்கள இந்தியாக்காரன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரன்ங்கிறாங்க. தப்பட்டையாச்சும் எங்களுதுன்னு இருந்துச்சுங்க டீச்சர்."

எல்லா ஜனங்களின் இசையையும் மரியாதையாக நடத்தியதாகப் பெயர் வாங்கிய அந்த வருஷம், அந்த வகுப்பில் பாடம் மண்டையில் ஏறாத ஒரே ஆள் நான்தான்.