இடுப்பில் கட்டிய சோறு

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டிய இடத்தில் நான் வந்து உட்கார்ந்ததற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவும் வராது. வந்திருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன். அன்றைக்கே அந்த வாசலில் நின்று சொல்லியிருப்பேன்.

போன மாதம் ரஹாங்கில் இருக்கும் என் அத்தையைப் பார்க்கப் போனேன். அப்பாவின் தங்கை. எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, அவளுக்கு எண்பது இருக்கும். அவள் வாயால் ஒரே ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் சுங்கை காடுட்டிலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

"நீ யாரு மவ?" என்றாள்.

அப்பா பெயரைச் சொன்னேன். "அப்படியா, சாப்டியா?" என்றாள். தேநீர் ஆறுவதற்குள் மறுபடியும், "நீ யாரு மவ?"

"விடுங்கக்கா," என்றாள் அவள் மருமகள். "காலையில சாப்புட்டதே ஞாபகம் இல்ல. எதக் கேட்டாலும் சிரிக்கும் லா."

திரும்பி வரும்போது எனக்குப் பொறுக்கவே இல்லை. மறந்துவிடு, பழையதை விட்டுவிடு, வயதானால் எல்லாம் ஆறிப்போகும் என்று நாற்பது வருடமாக எனக்குத்தான் எல்லாரும் புத்தி சொன்னார்கள். எனக்கு எதுவும் ஆறவில்லை. மறந்தது அவள். இது எந்த ஊர் நியாயம்?

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது நாங்கள் சுவா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலச் சட்டம் போட்டிருந்த நேரம். காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் சோறு போடுகிறோம் என்று சந்தேகம். அதனால் மலையடியில் நாங்கள் இருந்த வரிசை வீடுகளை, அந்த லயத்தைக் காலி செய்யச் சொல்லி, எல்லாரையும் லாரியில் ஏற்றி, ரோட்டோரம் முள்வேலிக்குள் கட்டிய பலகை வீடுகளில் கொண்டுவந்து விட்டார்கள். பழைய லயத்தை இடித்தும் போட்டார்கள். வேலிக்கு ஒரே வாசல். காலையில் வேலைக்குப் போகிறவர்களை அங்கே நிறுத்தித் தடவிப் பார்ப்பார்கள். அரிசியோ சோறோ ஒரு பருக்கைகூட வெளியே போகக் கூடாது. மாட்டினால் காட்டுக்காரர்களுக்குக் கொண்டுபோனதாக வழக்கு. பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டுமே. அந்த வேலையில் என் அத்தையைப் போட்டிருந்தார்கள்.

லாரி வருவதற்குப் பத்து நாள் முன்னால் என் தங்கச்சி காய்ச்சலில் போய்விட்டாள். ஐந்து வயது. பழைய லயத்துக்குப் பின்னால்தான் புதைத்தார்கள். பதினாறாம் நாள் படையல் புது வீட்டுக்கு வந்த பிறகு விழுந்தது.

"இங்கியே படைச்சிரு," என்றார் அப்பா. "காக்கா எங்க வேணும்னாலும் வரும்."

"காக்கா வரும். புள்ள வருமா?" என்றாள் அம்மா. "அது கண்ண மூடுனப்ப நாம எங்க இருந்தோம்? இந்த வூடு அதுக்குத் தெரியுமா? அங்க போயி நம்மளத் தேடிக்கிட்டு நிக்கும்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அம்மாவுக்குப் பால் வெட்டக் கொடுத்திருந்த ரப்பர் மரங்கள் பழைய லயத்துக்குப் பக்கத்தில் இருந்தன. பட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் பொறுக்க நானும் கூடப் போவேன். அம்மா விடியற்காலையில் ஒரு பிடி சோற்றில் சர்க்கரை பிசைந்தாள். தங்கச்சிக்கு அது இருந்தால் போதும், வேறு எதுவும் கேட்க மாட்டாள். அதை வாழையிலையில் மடித்து, என் பாவாடைக்குள் வயிற்றோடு சேர்த்துத் துணியால் கட்டினாள். சொந்த அண்ணன் மகளை அத்தை தடவ மாட்டாள் என்பது அவள் நம்பிக்கை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தங்கச்சிக்குச் சோறு கொண்டுபோகும் வேலையை எனக்கல்லவா கொடுத்திருக்கிறாள்.

வரிசை நகர்ந்தது. வாசலில் துப்பாக்கியோடு இரண்டு மாத்தாக்கள், அதாவது போலீஸ்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் நாற்காலியில் சார்ஜன். அத்தை அம்மாவின் பால்வாளியைக் கவிழ்த்துப் பார்த்தாள், மடியைத் தடவினாள், விட்டுவிட்டாள். என்னையும் போ என்றுதான் கையசைத்தாள். சார்ஜன் விரலை நீட்டி ஏதோ சொன்னார். அத்தை குனிந்து என் இடுப்பில் கை வைத்தாள். சோறு இன்னும் சூடாக இருந்தது.

அவள் முகத்தை நான் பக்கத்தில் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை அதில். பொட்டலத்தை உருவி எடுத்துத் தரையில் உதறினாள். பிறகு என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை.

"சோத்துக்கள்ளி. வூட்டுல திருடி எடுத்துக்கிட்டு வந்து மரத்தடியில குந்தித் திங்கப் பாக்குறியா?" வேலி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். அம்மா பக்கம் திரும்பினாள். "அண்ணி, இது ஒங்களுக்குத் தெரியுமா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "தெரியாது," என்றாள்.

"ஒட்டுப்பாலு பொறுக்க வந்த மகராணிக்குச் சக்கரச் சோறு கேக்குது," என்றாள் வரிசையில் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். அத்தை மலாயில் சார்ஜனிடம் என்னவோ சொன்னாள். அவரும் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார்.

பழைய லயம் இருந்த இடத்தில் கற்கள்தான் கிடந்தன. எங்கள் அடுப்படி இருந்த மூலையை அம்மா கண்டுபிடித்தாள். என் பாவாடையைத் தளர்த்தி, வயிற்றில் ஒட்டியிருந்த பருக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஏழெட்டு இருக்கும். ஓர் இலையில் வைத்துவிட்டுத் தங்கச்சி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். காக்கா வந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தோட்டத்தை விட்டுப் போகும்வரை நான் சோத்துக்கள்ளிதான். பள்ளிக்கூடத்தில் ஏதாவது காணாமல் போனால் முதலில் என் பையைத்தான் திறப்பார்கள். அம்மா சாகும்வரை அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தையும் பேசவில்லை. எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகு, நானாகத்தான் அதைப் புரிந்துகொண்டேன். பிள்ளை திருடியது என்று ஆனால் அறையோடு போகும். தாய் கொடுத்தனுப்பியது என்று ஆகியிருந்தால் அம்மாவை அந்தக் காலையிலேயே போலீஸ் லாரியில் ஏற்றியிருப்பார்கள். அத்தைக்கு யோசிக்க ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது.

புரிந்தது. ஆனால் கோபம் போகவில்லை. செத்த பிள்ளைக்கு ஒரு பிடி சோறு வைப்பதைக் குற்றமாக்கியவர்களிடம் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவைக் காப்பாற்ற என் பெயர்தான் வேண்டும் என்றால் கொடுத்திருப்பேன். பிற்பாடு ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டு, நீ திருடவில்லை, எங்களுக்குத் தெரியும் என்று யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லச் சொல்லிக் கேட்கத்தான் ரஹாங் போனேன்.

எட்டு வயதில் இதெல்லாம் விளங்கவில்லை. அத்தைக்கு ஏதாவது கெட்டது நடக்க வேண்டும் என்று அன்று முழுக்க வேண்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை வாசலில் வேறொரு பெண் நின்றாள். சொந்தக்காரர்களைச் சோதிக்க லாயக்கில்லை என்று அத்தையை மறுபடியும் பால் வெட்ட அனுப்பிவிட்டார்களாம். அத்தை பால்வாளியோடு எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன். புது ஆள் என் இடுப்பைத் தடவிவிட்டு, போ என்றாள். போனேன்.